மேட்டுக்கும் இறக்கத்துக்கும் எந்த ஷூ? – வாசகர் கேள்வி பதில்

எடை குறைந்த ஓட்ட ஷூக்களைப் பற்றி நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

தினமும் காலையில் குன்னூரிலிருந்து வெலிங்டன் பக்கம் போய்த் திரும்பி 8 கி.மீ. ஓடுகிறேன். வருடத்துக்கு ஒன்றிரண்டு அரை மாரத்தான், கோவையிலோ சென்னையிலோ. என் நேரம் 1 மணி 50 நிமிடம். இப்போது போடுவது 290 கிராம் ஷூ. 200 கிராமில், அடிப்பாகத்துக்குள் கார்பன் பிளேட் (தகடு) வைத்த ஷூ வாங்கினால் எவ்வளவு நேரம் குறையும்? பயிற்சிக்கும் அதையே போடலாமா?
– வங்கி ஊழியர், குன்னூர்

முதலில் எடைக் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2016-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. ஓடுகிறவர்களுக்குத் தெரியாமல் ஷூவின் நாக்குப் பகுதிக்குள் ஈயக்குண்டுகளை வைத்துத் தைத்து, 3000 மீட்டர் ஓடவிட்டார்கள். ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடினால் நேரம் 0.78 சதவீதம் கூடியது. உங்களுக்குக் குறையப்போவது 90 கிராம், அதாவது சுமார் 0.7 சதவீதம். 1 மணி 50 நிமிடத்தில் அது முக்கால் நிமிடம். எடை மட்டும் தரும் லாபம் அவ்வளவுதான்.

அடுத்தது ஃபோம், அதாவது அடிப்பாகத்தில் இருக்கும் மெத்தை. 2017-ல் நைக்கியின் கார்பன் பிளேட் ரேஸ் ஷூவான வேப்பர்ஃப்ளை வந்தபோது எல்லோரும் பிளேட்டைப் பற்றித்தான் பேசினார்கள். பெரிய வேலையைச் செய்தது பீபா என்ற புது ஃபோம். பழைய ஈவிஏ ஃபோம் போட்ட ரேஸ் ஷூவை அழுத்தினால், செலுத்திய ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்குதான் திரும்பிவந்தது. வேப்பர்ஃப்ளையில் 87 சதவீதம் திரும்பியது. வேகமான ஓட்டக்காரர்களுக்கு ஆற்றல் செலவு சராசரியாக 4 சதவீதம் குறைந்தது இதனால்தான். ஆனால் அந்த 4 சதவீதம் மணிக்கு 14 முதல் 18 கி.மீ. வேகத்தில் அளந்தது. உங்கள் வேகம் மணிக்கு பதினொன்றரை கி.மீ. இதே வகை ஷூக்களை மணிக்கு 10, 12 கி.மீ. வேகத்தில் சோதித்தபோது சராசரி லாபம் ஒன்றிலிருந்து ஒன்றரை சதவீதத்துக்குள் நின்றுவிட்டது. சிலருக்கு லாபமே இல்லை, ஒரு சிலருக்கு நஷ்டம்கூட. ஏற்ற இறக்கத்திலும் லாபம் சமதளத்தில் கிடைப்பதைவிடக் குறைவு.

ஆக எடை, ஃபோம் எல்லாம் சேர்ந்து சென்னை போன்ற சமதள ரோட்டில் ஒன்றரை நிமிடம், மிஞ்சினால் இரண்டு நிமிடம் குறையலாம். அதற்கு இருபதாயிரம் ரூபாயை ஒட்டிச் செலவழிப்பது உங்கள் இஷ்டம். அது வீண் என்று நாங்கள் சொல்லமாட்டோம். 1 மணி 50-ல் நிற்கிறவருக்கு 1 மணி 48 பெரிய விஷயம்தான்.

பயிற்சிக்கு அதையே போடலாமா என்பதற்கு எங்கள் பதில் வேண்டாம் என்பதுதான். உங்கள் ஊர் ரோடுதான் முதல் காரணம். குன்னூரில் பாதி தூரம் இறக்கம். இறக்கத்தில் குதிகாலின் வெளிப்புறம் முதலில் தரையில் படும், அங்கேதான் பிரேக் போடுகிறோம். ரேஸ் ஷூவில் எடையைக் குறைக்க அந்த இடத்து அடி ரப்பரையும் மெலிதாக்கிவிடுவார்கள். அதனால் ரப்பர் சீக்கிரமே தேய்ந்து ஃபோம் வெளியே தெரியும். இரண்டாவது, இந்த ஷூக்கள் குதிகாலில் 38, 39 மி.மீ. உயரம். மெத்தென்ற ஃபோமின் மேல் அவ்வளவு உயரத்தில் நின்றுகொண்டு, ஒரு பக்கம் சரிந்த கொண்டை ஊசி வளைவில் திரும்பினால் கணுக்கால் ஆடும். மூன்றாவது, கெட்டியான பிளேட் பாதத்தின் வேலையை மாற்றிவிடும். கார்பன் பிளேட் ஷூ போட்டு ஓடிய 5 பேருக்குப் பாதத்தின் நடுவில் இருக்கும் நாவிக்குலர் எலும்பில் அழுத்தக் காயம் வந்ததை 2023-ல் மருத்துவர்கள் ஒரு கட்டுரையில் பதிவு செய்தார்கள். ஐந்து பேரை வைத்து ஷூவைக் குற்றவாளி ஆக்க முடியாது. ஆனாலும் தினமும் போடாமல் இருக்க அது போதுமான காரணம்.

நாங்கள் சொல்லும் ஏற்பாடு இது. தினசரி 8 கி.மீ.க்கு இப்போதுள்ள 290 கிராம் ஷூவே இருக்கட்டும். வாரம் ஒருமுறை வேகமாக ஓடும் நாளுக்கு 220 முதல் 240 கிராமில், பிளேட் இல்லாத அல்லது நைலான் பிளேட் வைத்த ஒரு ஜோடி வாங்குங்கள். கையில் காசு ஒரு ஜோடிக்குத்தான் என்றால் அந்த நடு ரகத்தையே வாங்கி ரேஸுக்கும் போடுங்கள். கார்பன் ஷூ மூன்றாவதாக வரவேண்டியது. இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போடுவதில் இன்னொரு லாபமும் உண்டு. லக்சம்பர்க்கில் 264 ஓட்டக்காரர்களை 22 வாரம் கவனித்ததில், ஒன்றுக்கு மேற்பட்ட ஜோடி வைத்திருந்தவர்களுக்குக் காயம் வரும் வாய்ப்பு 39 சதவீதம் குறைவாக இருந்தது.

மலையில் இருப்பவர்கள் மறந்துவிடும் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். குன்னூர்க் குளிரில் கச்சிதமாக இருக்கும் ஷூ சென்னை வெக்கையில் பிடிக்கும். சூட்டில் பாதம் வீங்கும், 15 கி.மீ.க்கு மேல் இன்னும் வீங்கும். ரேஸுக்கு மூன்று வாரம் முன்பு ஒரு ஞாயிறு மேட்டுப்பாளையம் இறங்கிப் போய், அதே ஷூ, அதே சாக்ஸில் 12 கி.மீ. ரேஸ் வேகத்தில் ஓடிப் பாருங்கள். சுண்டுவிரல் ஓரம் எரிந்தால் அரை சைஸ் கூட்ட வேண்டும்.

கொடைக்கானலில் ஆசிரியராக இருக்கிறேன். என்னிடம் அடிடாஸ் அடிசீரோ எஸ்.எல். ஒரு ஜோடி, சாக்கனி எண்டார்ஃபின் ஸ்பீட் ஒரு ஜோடி இருக்கின்றன. எது எனக்கு வேகம் என்று நானே கண்டுபிடிக்க வழி உண்டா?
– ஆசிரியை, கொடைக்கானல்

உண்டு, அதுவும் உங்கள் ஊரில் சுலபம். ஏரியைச் சுற்றி ஏறக்குறைய 5 கி.மீ., பெரிய ஏற்ற இறக்கம் இல்லாத ரோடு. மலையில் இப்படி ஒரு வட்டம் கிடைப்பது அபூர்வம். குதிரைக்காரர்களும் வாடகை சைக்கிள்களும் வருவதற்கு முன், காலை ஆறு மணிக்குத் தொடங்குங்கள்.

முதலில் இரண்டையும் சமையலறை டிஜிட்டல் தராசில் நிறுத்துப் பாருங்கள். பெட்டியிலோ விளம்பரத்திலோ போடும் எடை பெரும்பாலும் ஆண்களுக்கான யு.கே. 8 அல்லது 8.5 சைஸுக்கானது. உங்கள் சைஸ் 5 என்றால் எடை நன்றாகக் குறையும், இரண்டு ஷூவுக்கும் இடையிலுள்ள வித்தியாசமும் மாறும். இடது வலது இரண்டையும் நிறுங்கள். நாலைந்து கிராம் வித்தியாசம் சகஜம்.

பிறகு ஓட்டம். பத்து நிமிடம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்குங்கள். முதல் நாள் அடிடாஸில் ஒரு சுற்று, ஐந்து நிமிட இடைவெளி, சாக்கனியில் ஒரு சுற்று. இரண்டு மூன்று நாள் கழித்து வரிசையை மாற்றி, சாக்கனி முதலில், அடிடாஸ் அடுத்து. இரண்டாவது சுற்றில் எப்போதும் களைப்பு இருக்கும். வரிசையை மாற்றினால்தான் அந்தக் களைப்பு இரண்டு ஷூவுக்கும் சமமாக விழும். ஒரே நாள் ஓடிவிட்டு முதலில் போட்டதுதான் வேகம் என்று முடிவுகட்டுவதுதான் பலரும் செய்யும் பிழை.

வேகத்தைப் பார்த்து ஓடாதீர்கள். மார்பில் கட்டும் இதயத்துடிப்புப் பட்டை இருந்தால் நான்கு சுற்றிலும் ஒரே துடிப்பு, உதாரணமாக 150, வைத்துக்கொண்டு நேரத்தை மட்டும் குறியுங்கள். பட்டை இல்லையென்றால் முழு வாக்கியம் பேச முடியாமல், மூன்று நான்கு வார்த்தை பேச முடிகிற அளவு மூச்சு. கடிகாரத்தைச் சுற்று முடிந்த பிறகுதான் பார்க்க வேண்டும். 28 நிமிடச் சுற்றில் ஒரு சதவீதம் என்பது 17 விநாடி. அதற்குக் குறைவான வித்தியாசத்தைக் காற்றும் தூக்கமும் காலையில் குடித்த காப்பியுமே உண்டாக்கிவிடும். அப்படி வந்தால் இரண்டும் சமம் என்று வைத்துக்கொண்டு, எது காலுக்குச் சுகமோ அதை எடுங்கள்.

ஏரி வட்டம் வேகத்தைச் சொல்லும், இறக்கத்தைச் சொல்லாது. வத்தலக்குண்டு ரோட்டில் வண்டி குறைந்த நேரத்தில் 500 மீட்டர் இறங்கி ஓடுங்கள். மூன்று விஷயம் கவனியுங்கள். விரல் நுனி முன்னால் போய் இடிக்கிறதா? வளைவில் பாதம் ஷூவுக்குள் பக்கவாட்டில் நழுவுகிறதா? குதிகால் ஊன்றும்போது ஷூ உள்பக்கமாகச் சரிகிறதா? ஏதாவது ஒன்று ஆமென்றால், ஏரியில் எத்தனை விநாடி மிச்சம் பிடித்திருந்தாலும் அந்த ஷூ மலைப் பயிற்சிக்கு உதவாது. இந்த இரண்டில் எண்டார்ஃபின் ஸ்பீடில் பீபா ஃபோமும் நைலான் பிளேட்டும் இருக்கின்றன. எஸ்.எல்.லில் பிளேட் கிடையாது. சமதள வேகத்துக்கு முன்னதும், தினசரி ஏற்ற இறக்கத்துக்குப் பின்னதும் பொருந்தும் என்பது எங்கள் எண்ணம். உங்கள் கால் வேறு சொன்னால் காலை நம்புங்கள்.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் ரோட்டில் இறங்கி ஓடும் நாளெல்லாம் கட்டைவிரல் நகம் கறுத்துப்போகிறது. ஒரு சைஸ் பெரியதாக வாங்கினேன், இன்னும் மோசம்.
– தேயிலைத் தொழிற்சாலை ஊழியர், கோத்தகிரி

பெரிய ஷூவில் பாதம் முன்னும் பின்னும் ஓட இடம் கூடிவிட்டது. இறக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் முழு உடம்பும் முன்னால் தள்ளும். ஷூவின் நடுப்பகுதி பாதத்தைப் பிடித்து நிறுத்தாவிட்டால் விரல்தான் பிரேக். நகத்துக்கடியில் ரத்தம் கட்டிக் கறுக்கிறது.

சைஸ் சரியா என்று பார்க்க, சாயங்காலம் சாக்ஸ் போட்டு, சுவரில் குதிகாலை ஒட்டி ஒரு தாளின் மேல் நில்லுங்கள். நீளமான விரலின் நுனியில் கோடு போடுங்கள். சிலருக்கு இரண்டாம் விரல்தான் நீளம், அதைக் கவனியுங்கள். பிறகு ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் இருக்கும் இன்சோலை வெளியே எடுத்து, தாளில் கிடைத்த நீளத்தை அதோடு ஒப்பிடுங்கள், அதன் மேல் நின்றும் பாருங்கள். விரலுக்கு முன்னால் 10 முதல் 12 மி.மீ. இடம் இருக்க வேண்டும், கைக் கட்டைவிரலின் அகலத்தில் பாதிக்குச் சற்று மேல். 15-ஐத் தாண்டினால் பெரிது.

அடுத்தது லேஸ் கட்டும் முறை. பெரும்பாலான ஓட்ட ஷூக்களில் கணுக்கால் ஓரத்தில் ஒரு கூடுதல் துளை இருக்கும். யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. குதிகாலைப் பூட்டிப் பிடிக்க வைத்த துளை அது. வழக்கமான கடைசித் துளைவரை லேஸைக் கோத்த பிறகு, குறுக்கே கொண்டுபோகாமல் அதே பக்கத்தின் கூடுதல் துளைக்குள் வெளியிலிருந்து உள்ளே விடுங்கள். இரண்டு பக்கமும் ஒரு சின்ன வளையம் உண்டாகும். வலது லேஸை இடது வளையத்துக்குள்ளும், இடது லேஸை வலது வளையத்துக்குள்ளும் நுழைத்து, கீழ்நோக்கியும் பின்நோக்கியும் இழுத்து இறுக்குங்கள். குதிகால் பின்னால் போய்ப் பூட்டிக்கொள்ளும். அதன்பின் முடிச்சு. இறுக்கம் கணுக்காலில் இருக்க வேண்டும். விரல் பக்கத்து முதல் இரண்டு வரிசை தளர்வாகவே இருக்கட்டும்.

ரேஸ் ஷூக்களில் சிலவற்றுக்கு அந்தத் துளை கிடையாது. குதிகாலைப் பிடிக்கும் பின்பகுதியும் மெல்லிய துணிதான். நீண்ட இறக்கத்துக்கு அவை வேண்டாம் என்று சொல்ல இதுவும் ஒரு காரணம். நகத்தை இரண்டு நாள் முன்பே ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள்.

ஊட்டியில் ஜூன், ஜூலை மழையில் ஷூ காய்வதே இல்லை. ஹீட்டர் முன்னால் வைத்துக் காயவைத்தேன், இப்போது ஷூ சின்னதானது போலப் பிடிக்கிறது. ஈர ரோட்டில் வழுக்கவும் செய்கிறது.
– கல்லூரி மாணவர், உதகை

சின்னதானது போல இல்லை, நிஜமாகவே சின்னதாகியிருக்கும். ஈவிஏ ஃபோம் சூட்டில் சுருங்கும். பசையும் இளகும். ஹீட்டர், கணப்பு, அடுப்பு ஓரம், கார் கண்ணாடிக்குப் பின்னால் வெயில் எல்லாமே ஆகாதவை. சரியான வழி: லேஸைத் தளர்த்தி, நாக்கை வெளியே மடக்கி, இன்சோலைத் தனியே எடுத்துவிடுங்கள். சேறு இருந்தால் முதலில் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். செய்தித்தாளைக் கசக்கி விரல் பகுதிவரை திணித்து, ஒரு மணி நேரத்தில் மாற்றி, படுக்கப்போகும்போது இன்னொருமுறை மாற்றுங்கள். வண்ணப் பக்கங்கள் வேண்டாம், சாயம் ஒட்டும். மின்விசிறி இருந்தால் அதன் கீழ் சாய்த்து வையுங்கள். அப்படியும் ஊட்டி ஜூலையில் 24 மணி நேரம் போதாது. தடித்த ஃபோமும் பஞ்சு வைத்த கழுத்தும் உள்ள ஷூ இரண்டு நாள் எடுக்கும். மெல்லிய வலைத்துணி ரேஸ் ஷூ ஒரே இரவில் காய்ந்துவிடும். மழைக்காலத்தில் இரண்டு ஜோடி இருப்பது ஆடம்பரமில்லை.

வழுக்குவதற்கு அடி ரப்பரைத் திருப்பிப் பாருங்கள். எடை குறைந்த ஷூக்களில் பல, அடியில் பாதிக்கு மேல் ரப்பரே இல்லாமல் வெறும் ஃபோமாக இருக்கும். காய்ந்த தாரில் அது பிடிக்கும், ஈரத்தில் சோப்பு. மழைக்கு என்று வாங்கும்போது முன்பாதம் முழுக்க ரப்பர் இருப்பதாகப் பாருங்கள். அடிடாஸ் சில மாடல்களில் போடும் கான்டினென்டல் ரப்பரும், பூமா ஓட்ட ஷூக்களில் வரும் பூமாகிரிப்பும் ஈரத் தாரில் நன்றாகப் பிடிப்பவை. ஆனால் பாசிக்கு எந்த ரப்பரும் பதில் இல்லை. நிழல் விழும் பக்கத்து ரோட்டோரம், சிமெண்ட் படிக்கட்டு, இன்டர்லாக் கல் பதித்த நடைபாதை, ரோட்டில் அடித்த வெள்ளைக் கோடு, கற்பூர மரத்து இலை நனைந்து படிந்த இடம் – இவை ஐந்திலும் ஓடாமல் நடந்துவிடுங்கள். தார் ரோட்டில் வண்டிச் சக்கரம் படும் தடத்தில் பாசி ஏறாது. வண்டி வராத நேரத்தில் அந்தத் தடத்தில் ஓடலாம்.

எஸ்டேட் மண் ரோடு வேறு கதை. அங்கே 3, 4 மி.மீ. பல் உள்ள டிரெயில் ஷூ வேண்டும். பல கார்பன் ஷூக்களின் அடியில் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். ஜல்லிக்கல் அதில் சிக்கி பிளேட்டையே உரசும்.

டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்துக்கும் ஒரு சொல். ஈவிஏ குளிரில் இறுகும். ராத்திரி முழுக்க வராந்தாவில் கிடந்த ஷூ முதல் இரண்டு கி.மீ. பலகை போல இருக்கும். வீட்டுக்குள் வையுங்கள். பீபாவில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

அண்ணா, அக்னிவீர் ஆள்சேர்ப்புக்குத் தயாராகிறேன். 1.6 கி.மீ. ஓட்டத்தில் 5 நிமிடம் 50 விநாடியில் நிற்கிறேன். கார்பன் ஷூ வாங்கினால் 5.30 வருமா? வீட்டில் கடன் வாங்கித்தான் வாங்க வேண்டும்.
– அருவங்காட்டிலிருந்து ஒரு இளைஞர்

கடன் வாங்க வேண்டாம், தம்பி. 20 விநாடி என்பது ஆறு சதவீதம் போல. எந்த ஷூவும் அதைத் தராது. அது பயிற்சியில் வரவேண்டியது, உங்கள் வயதில் வரவும் செய்யும். 5.30-க்கு ஒவ்வொரு 400 மீட்டரும் 82 விநாடி சொச்சத்தில் போக வேண்டும். வாரம் ஒருநாள் 400 மீட்டரை 80 விநாடியில் ஆறுமுறை ஓடுங்கள், நடுவில் இரண்டு நிமிடம் நடை. இன்னொரு நாள் 25 நிமிடம் விடாமல், சிரமப்பட்டுப் பேசக்கூடிய வேகத்தில். மற்ற மூன்று நாள் மெதுவாக 5, 6 கி.மீ.

உங்கள் மேட்டில் 80 வராமல் 83 வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கும் மேலான உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் குறைவு. கீழே சமவெளிக்குப் போய் ஓடும்போது அதே உழைப்புக்குச் சில விநாடிகள் தானே குறையும்.

ஷூ என்று பார்த்தால் 220 முதல் 250 கிராமில், பிளேட் இல்லாத, அடி முழுக்க ரப்பர் உள்ள சாதாரணப் பயிற்சி ஷூ போதும். டெகாத்லானின் கிப்ரன் வரிசையிலும் மற்ற நிறுவனங்களின் கீழ்நிலை மாடல்களிலும் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கிறது. கேன்வாஸ் பி.டி. ஷூவில் மட்டும் பயிற்சி வேண்டாம். அதன் தட்டையான ரப்பருக்கு மேல் ஃபோமே கிடையாது, தார் ரோட்டில் கணைக்கால் எலும்பு வலி வரவழைக்கும். புது ஷூவைத் தேர்வன்று முதல்முறையாகப் போடாதீர்கள். குறைந்தது 40 கி.மீ. ஓடியிருக்க வேண்டும். கூட்டத்தில் பின்னால் வருகிறவர் மிதித்து லேஸ் அவிழ்வது சாதாரணம். இரட்டை முடிச்சு போட்டு, நுனிகளை லேஸ் வரிசைக்குள் செருகிவிடுங்கள்.

என் மகளுக்கு 13 வயது. மாவட்டப் போட்டியில் 800, 1500 ஓடுகிறாள். இதுவரை வெறுங்காலில்தான். ஸ்பைக்ஸ் வாங்கித் தரலாமா?
– ஒரு தாய், கூடலூர்

தரலாம், போட்டிக்கும் வாரம் ஒரு வேகப் பயிற்சிக்கும் மட்டும். அடியில் ஆணி வைத்த ஷூவான ஸ்பைக்ஸில் குதிகால் கிட்டத்தட்ட தரையோடு இருக்கும். வளரும் வயதில் குதிகால் எலும்பின் வளர்ச்சித்தட்டை குதிகால் தசைநாண் இழுத்துக்கொண்டே இருந்தால் பின்னங்குதிகாலில் வலி வரும். 8 முதல் 14 வயதுவரை இது அதிகம். காலையில் எழுந்ததும் நுனிக்காலில் நடக்கிறாளா என்று கவனியுங்கள். அப்படி நடந்தால் ஸ்பைக்ஸை ஓரம் வைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடையில் 'டிஸ்டன்ஸ் ஸ்பைக்ஸ்' என்று கேளுங்கள். 100 மீட்டர் ஓட்டத்துக்கான ஸ்பைக்ஸ் விறைப்பாக இருக்கும், 1500-க்கு ஆகாது. ஆணி நீளம்: சிந்தெடிக் டிராக்கில் 5 அல்லது 6 மி.மீ., மண் மைதானத்தில் 9, மழையில் சொதசொதத்த புல்லில் 12. சிந்தெடிக்கில் 9-க்கு மேல் விதிப்படியே கூடாது. இரண்டு செட் ஆணியும் சாவியும் வாங்கி வையுங்கள். வளர்கிற கால் என்று இரண்டு சைஸ் பெரியதாக வாங்கினால் வளைவில் கால் புரளும். அரை சைஸ் போதும்.

உங்கள் ஊர் மழைக்கு ஆணி துருப்பிடித்து இறுகிவிடும், பிறகு கழற்றவே வராது. போட்டி முடிந்ததும் கழற்றி, துடைத்து, மரையில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவி மாட்டுங்கள். மற்ற நாள் ஓட்டத்துக்குச் சாதாரண ஷூவும், புல்தரை கிடைத்தால் வெறுங்காலும் நல்லது. வெறுங்காலில் வளர்ந்த பாதம் முன்னால் அகலமாக இருக்கும். அகலம் பிடிக்காத ஸ்பைக்ஸ் எவ்வளவு நல்ல நிறுவனத்துடையதாக இருந்தாலும் வேண்டாம்.

40 மி.மீ. உயரத்துக்கு மேல் ஷூ போட்டால் ரேஸில் நீக்கிவிடுவார்களா?
– வாசகர், குன்னூர்

பரிசுக்கும் சாதனைக்கும் ஓடுகிறவர்களுக்குத்தான் அந்தப் பயம். உலகத் தடகள அமைப்பு 2020-ல் கொண்டுவந்த விதி: ரோடு ஓட்டத்தில் அடிப்பாகம் 40 மி.மீ.க்குள், பிளேட் ஒன்றுதான். 2021 வியன்னா மாரத்தானில் முதலாவதாக வந்த எத்தியோப்பியாவின் டெராரா ஹுரிசா 50 மி.மீ. ஷூ போட்டிருந்ததால் தகுதி இழந்தார். டிராக் ஓட்டங்களுக்கு 2024 நவம்பரிலிருந்து 20 மி.மீ.தான். ஆகவே கல்லூரி, மாவட்ட அளவில் டிராக்கில் 5000 ஓடுகிறவர்கள் ரோடு ஷூவோடு போய் நிற்குமுன் நடத்துகிறவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரபல மாடல் ஒன்று 'ஃபர்ஸ்ட் காப்பி' என்று 1,500 ரூபாய்க்கு வருகிறது. நடந்து பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், வில்பட்டி

வேண்டாம். அது போலி. மேல்துணி அதே மாதிரி இருக்கும், ஃபோம் சாதாரணமானது, பிளேட் பெரும்பாலும் இருக்காது. தராசில் வைத்தால் எடையும் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். அதே காசில் பெயர் தெரியாவிட்டாலும் நேர்மையான உள்நாட்டு ஓட்ட ஷூ மேல்.

10 மி.மீ. டிராப் ஷூவிலிருந்து தட்டையான பழைய பாணி ரேஸ் ஷூவுக்கு மாறினேன். இரண்டே வாரத்தில் ஆடுசதை கல்லாகிவிட்டது.
– வாசகர், உதகை

டிராப் என்பது குதிகால் உயரத்துக்கும் முன்பாத உயரத்துக்கும் உள்ள வித்தியாசம். அது 10-லிருந்து, உதாரணமாக, 4 ஆகும்போது முன்பாதத்தோடு ஒப்பிட்டால் குதிகால் 6 மி.மீ. கீழே இறங்குகிறது, ஒவ்வொரு அடியிலும் ஆடுசதை கூடுதலாக நீள வேண்டியிருக்கிறது. தொட்டபெட்டா பக்கம் ஏற்றத்தில் ஓடினால் ஏற்றமே குதிகாலை இன்னும் கீழே தள்ளும். இரண்டும் சேர்ந்ததுதான் உங்கள் வலி. பழைய ஷூவுக்கே திரும்பி, வலி போகும்வரை மேட்டை விடுங்கள். பிறகு வாரம் இரண்டுமுறை, சமதளத்தில், ஓட்டத்தின் கடைசிப் பத்து நிமிடம் மட்டும் தட்டை ஷூ. வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டலாம். படிக்கட்டு விளிம்பில் முன்பாதம் ஊன்றி, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கி ஏற்றுங்கள், 15 வீதம் மூன்று முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். ஏற்றப் பயிற்சிக்குத் தட்டை ஷூவைக் கொண்டுபோவது கடைசிப் படி, அதற்கு ஆறேழு வாரமாவது ஆகும்.

முன்பக்கம் அடி ரப்பர் வாயைப் பிளக்கிறது. ஃபெவிக்விக் போட்டேன், மறுநாளே பிரிந்தது.
– வாசகி, கோத்தகிரி

ஃபெவிக்விக் காய்ந்தால் கண்ணாடி போல் இறுகும். ஷூ மடங்கும் இடத்தில் அது உடையத்தான் செய்யும். வளையக்கூடிய ரப்பர் பசை வேண்டும், செருப்புத் தைப்பவர்கள் டப்பாவில் வைத்திருப்பது. பழைய பசையைச் சுரண்டி எடுத்து, இரண்டு பக்கமும் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். ஈரம் கொஞ்சமும் இருக்கக் கூடாது. இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பூசி, பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். விரலால் தொட்டால் ஒட்டாமல் வரும்போதுதான் அழுத்திச் சேர்க்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே சேர்ப்பதுதான் பலருக்குப் பிரிந்துவருவதன் காரணம். பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி ஷூவைச் சுற்றி இறுகக் கட்டி, 24 மணி நேரம் வீட்டுக்குள் வையுங்கள். மழைக்காலமானால் இரண்டு நாள். ஃபோமே கிழிந்திருந்தாலும், 700 கி.மீ. தாண்டிய ஷூவானாலும் ஒட்டுவதில் பலனில்லை. அதைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.